செவலை தேடிய குட்டிகள்

அத்தியாயம் 17

மத்தி மீன் வாங்கத்தான் சுபலட்சுமி வெளியே போனாள்.

சனிக்கிழமை காலையில் கோச்சடை மெயின் ரோட்டுக்கு மீன் வண்டி வரும். கால் கிலோ மத்தியைச் சுத்தம் பண்ணி வாங்கினாள். "இம்புட்டுத்தானா? வீட்ல விருந்தாளி இல்லையா தங்கச்சி?" என்று மீன்காரர் கேட்டதற்கு, "வீட்டுக்கு இல்லண்ணே. எங்க வீட்டுப் பூனை பிள்ளை பெத்திருக்கு, அதுக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். தான் சிரித்தது தனக்கே வித்தியாசமாகப் பட்டது.

திரும்பி வந்தபோது மாடிப்படிக்குக் கீழே குட்டிகள் கிடந்த அட்டைப்பெட்டி இல்லை.

செம்பழுப்புத் தாய்ப்பூனை செவலை மட்டும் இருந்தது. பெட்டி இருந்த இடத்தை மோந்து பார்த்தது. செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் போனது. தண்ணீர் மோட்டார் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்து அதே இடத்தை மறுபடியும் மோந்தது. பிறகு சுபாவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டது. பசிக்குக் கத்துகிற சத்தம் அவளுக்குத் தெரியும். இது வேறு.

"மதினி! குட்டிக எங்க?"

ஹாலில் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அண்ணன் மனைவி மீனா, கையில் இருந்த ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. அவளுக்கு இது ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்காமல் போனது. இந்தத் தடவை மாடிப்படி ஏறக்கூட டாக்டர் விடவில்லை.

"உங்க அண்ணே கொண்டு போயிட்டாரு."

"எங்க?"

"யாரோ வளக்கக் கேட்டாகளாம். நல்ல இடந்தான்னாரு."

"இப்பத்தான் கண்ணு தொறக்குது மதினி. இன்னும் நடக்கக்கூடத் தெரியாது. தாய்கிட்ட இருந்து பிரிச்சா செத்துப் போகும்."

"டாக்டரம்மா என்ன சொன்னாக? பூனையோட அழுக்குல இருந்து வயித்துப் பிள்ளைக்குக் கிருமி வரும்னு சொன்னாகளா, இல்லையா?"

"அதுக்குத்தான நானே அள்ளிக் கொட்டுறேன். நானே பினாயில் ஊத்திக் கழுவுறேன். நீங்க அந்தப் பக்கம் வாரதே இல்லையே."

"எனக்குப் பயமா இருக்கு சுபா." அந்த ஒரு வரியில் மீனாவின் குரல் உடைந்தது. உடைந்தது பிடிக்காதவள் போல அடுத்த நொடியே கெட்டிப்பட்டது. "ஒனக்கு அது எங்க தெரியப் போகுது? பெத்த பிள்ளைய அங்கிட்டு விட்டுட்டு வந்து, இங்க பூனைக்குட்டிக்குத் தாலாட்டுப் பாடுறவளுக்கு!"

சுபாவின் கையில் மீன் பை சொட்டிக்கொண்டிருந்தது.

மகள் கயலை விட்டுவிட்டு வந்து ஏழு மாதம் ஆகிறது. தேனியில் புருஷன் இன்னொருத்திக்குக் குடித்தனம் வைத்துக் கொடுத்திருப்பது தெரிந்த அன்றைக்கு, போனில் அண்ணன் ஜெயபாண்டிதான் சொன்னான்: "நீ மொதல்ல கெளம்பி வா. அங்க இருந்து சண்ட போட்டா அடிதான் விழும். பிள்ளைய நான் பேசிக் கூட்டிட்டு வாரேன்." பள்ளிக்கூடம் போயிருந்த மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறி வந்தாள்.

பொங்கல் கழிந்து, கூட வேலை பார்க்கும் சின்னானின் காரில் தேனிக்குப் போவதாகச் சொல்லி அண்ணன் கிளம்பினான். தனியாகத் திரும்பி வந்தான். "பிள்ள வரமாட்டேன்னுருச்சு சுபா. உன்கூடப் பேசக்கூட மாட்டேங்குது. என்னத்தச் சொல்ல!" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அதற்குப் பிறகு அவள் மகளை அழைக்கவே இல்லை. பத்து வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து அதைத் தன் காதால் கேட்டுவிடுவோமோ என்று பயந்தாள்.

பங்குனி வெயிலில் எங்கிருந்தோ இந்தச் செவலை வந்து, படிக்கட்டுக்குக் கீழே கிடந்த பழைய மிக்ஸி பெட்டிக்குள் நாலு குட்டி போட்டது. சுபா தன் பருத்திச் சேலையைக் கிழித்து மெத்தை போட்டாள். கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்து, தாய்க்கு மாட்டுப் பால் ஊற்றாமல் மீனும் முட்டையும் அவித்துக் கொடுத்தாள். வேலை பார்க்கும் சிம்மக்கல் பாத்திரக் கடையிலிருந்து மதியம் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போனாள். முதலாளி முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டாள். குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அவளுக்கு வேறு எதுவும் ஞாபகம் வராது.

இப்போது அந்த இடத்தில் பினாயில் வாடை மட்டும் இருந்தது.

ஜெயபாண்டிக்குப் போன் போட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தான்.

"அண்ணே, குட்டிகள எங்க குடுத்த?"

"நம்ம சின்னான் வீட்லதான். நாகமலை புதுக்கோட்டைல. அவுக வீட்டுப் பிள்ளைக ஆசைப்பட்டுச்சுக. பில்லர்ல சொட்டுச் சொட்டாப் பாலு குடுத்துப் பாத்துக்குவாக. நீ ஒண்ணும் விசனப்படாத. நான் ஷோரூம்ல வேலையா இருக்கேன்."

சின்னான், அண்ணனோடு டிராக்டர் ஷோரூமில் வேலை பார்ப்பவர். அவர் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு சுபாவும் போயிருக்கிறாள். யுனிவர்சிட்டிக்குப் பக்கத்தில் வீடு, வாசலில் மரமல்லி நிற்கும். நல்ல மனிதர்கள்தான்.

ஆனால் செவலையின் மடி பால் கட்டிக் கல்லாக இறுகிக் கிடந்தது. தொட்டால் சீறியது.

குட்டி அங்கே இருந்தால் தாயும் அங்கேதான் இருக்க வேண்டும். கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்துவிடலாம். மதினிக்கும் நிம்மதி. சுபா மூடி போட்ட பிளாஸ்டிக் கூடைக்குள் மத்தியைப் போட்டாள். செவலை மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் பிடித்துத்தான் உள்ளே அமுக்க வேண்டியிருந்தது. மணிக்கட்டில் நீளமாகக் கீறி ரத்தம் வந்தது. கூடையைத் துப்பட்டாவால் சுற்றிக் கட்டினாள்.

"கடைக்குப் போகலையா?" என்றாள் மீனா.

"போகலை."

டவுன் பஸ் முழுக்கச் செவலை கத்தியது. பக்கத்து சீட் அம்மாள், "பூனையக் கொண்டுபோய் விடப் போறியாத்தா? சாக்குல கட்டிக் கொண்டுபோகணும், இல்லாட்டி வழி கண்டுபிடிச்சு வந்துரும்" என்று யோசனை சொன்னாள்.

"விடப் போகலை. சேக்கப் போறேன்" என்றாள் சுபா.

சின்னான் கைலியோடு கதவைத் திறந்தார். கூடையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"வாம்மா, வா. என்ன திடீர்னு?"

"இதுதாண்ணே தாய்ப் பூனை. குட்டிக இருக்கற இடத்துல விட்டுட்டுப் போயிர்றேன். ரெண்டு நாளைக்குக் கதவச் சாத்தியே வைங்க, பழகிரும்."

"எந்தக் குட்டி?"

"காலைல அண்ணே கொண்டாந்து குடுத்துச்சே."

"ஜெயபாண்டியா? இன்னைக்கா? எனக்கு இன்னைக்கு லீவு. அவன நான் நேத்து சாயங்காலம் ஷோரூம்ல பாத்ததுதான்." அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏ ராமக்காள், நம்ம வீட்ல யாரும் பூனைக்குட்டி கேட்டீகளா?"

"எனக்குப் பூனை முடினாலே தும்மல் வரும். நான் ஏன் கேக்கப் போறேன்?" என்றபடி அவர் மனைவி வந்தாள். "உக்காரு சுபா. என்ன, கையில ரத்தம்?"

சுபா உட்காரவில்லை. அண்ணன் வேறு யார் பெயரையாவது மாற்றிச் சொல்லிவிட்டானோ என்று அப்போதும் மனசு சாக்குத் தேடியது. வந்த இடத்தில் மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்ற, வாயில் வந்ததைச் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்கிறாதீங்கண்ணே. ஏற்கெனவே எனக்காக உங்க காரப் போட்டுக்கிட்டுத் தேனி வரைக்கும் போயிட்டு வந்தீக. அதுக்கே நான் ஒரு வார்த்த நேர்ல வந்து சொல்லலை."

"தேனிக்கா?"

"பொங்கல் கழிச்சு. அண்ணேகூட, என் மகளக் கூப்பிட…"

சின்னான் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள்.

"நான் தேனிக்குப் போகலையேம்மா" என்றார் மெதுவாக. "பொங்கல் லீவுக்கு நாங்க ராமேஸ்வரம் போயிருந்தோம். ஜெயபாண்டி வேற யார்கூடயாவது போயிருப்பான்."

"இருக்கும்ணே" என்றாள் சுபா.

கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். மரமல்லி நிழலில் நின்று போன் போட்டாள். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தான். சின்னான் அதற்குள் பேசியிருப்பார்.

"சுபா, அது வந்து…"

"குட்டிகள எங்க போட்ட?"

"நீ வீட்டுக்குப் போ. நான் வந்து வெவரமா…"

"எங்க போட்ட அண்ணே?"

"ஆத்தோர ரோட்டுல. சுடுகாடு தாண்டி, குப்பைமேட்டுக்குப் பக்கத்துல."

"வா. வந்து எடத்தக் காட்டு."

அவள் ஆட்டோ பிடித்துப் போய் இறங்கியபோது ஜெயபாண்டி முன்பே வந்து பைக்கில் சாய்ந்து நின்றான். சட்டைப்பையில் ஷோரூம் பேட்ஜ் தொங்கியது. உச்சி வெயில். வைகையில் தண்ணீர் இல்லை, கோரையும் சீமைக் கருவேலமும்தான். குப்பைமேட்டில் புகை வந்துகொண்டிருந்தது.

அட்டைப்பெட்டி கவிழ்ந்து கிடந்தது. அவளுடைய பருத்திச் சேலைத் துண்டு இரண்டடி தள்ளிக் கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"நாய் ஏதும் வந்திருக்கும்போல" என்றான் ஜெயபாண்டி. "நெழல்லதான் வச்சேன் சுபா. யாராச்சும் எடுத்துட்டுப் போவாகன்னுதான்…"

"குப்பைமேட்டுக்கு யாரு வருவா?"

அவள் குனிந்து தேட ஆரம்பித்தாள். கருவேல முள் துப்பட்டா இல்லாத தோளைக் கிழித்தது. அப்போது கூடைக்குள் செவலை கத்துவதை நிறுத்தியது. ஒரு நொடி முழு அமைதி. பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம், குட்டிகளுக்குப் பால் கொடுக்கக் கூப்பிடுகிறபோது போடுகிற சத்தம்.

அவிழ்த்துவிட்டால் ஓடிப்போய்விடலாம். பிறகு தாயும் இல்லை. சுபா யோசித்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள்.

செவலை ஒரே தாவில் புதருக்குள் போனது.

முள் அசைந்தது. செவலை வாயில் ஒன்றைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. நேராக வந்து கூடைக்குள் போட்டது. கறுப்பும் வெள்ளையுமான குட்டி. அதன் மேல் எறும்பு மொய்த்திருந்தது. அசையவில்லை. செவலை எறும்போடு சேர்த்து அதை நக்கியது. மூக்கால் புரட்டிவிட்டது. மறுபடியும் நக்கியது. பிறகு திரும்பவும் புதருக்குள் போனது.

ஜெயபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாரு" என்றாள் சுபா. "திரும்பிப் பாரு அண்ணே."

இரண்டாவதும் செத்திருந்தது. அதையும் முதலாவதின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது.

மூன்றாவது தாயின் நிறம். வாயில் தொங்கியபோது அதன் பின்னங்கால் ஒருமுறை உதறியது. சுபா பாய்ந்து வாங்கினாள். வெயிலில் கிடந்த உடம்பு இல்லை. சாக்கடைத் தண்ணீர் நனைத்த கோரைக்குள் கிடந்து சில்லிட்டிருந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. "மொதல்ல சூடு, அப்புறந்தான் பாலு" என்று கால்நடை டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. குட்டியைக் கழுத்தடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். உள்ளங்கையால் முதுகைத் தேய்த்தாள். செவலை அவள் கால்களைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது.

நாலாவது கிடைக்கவில்லை. செவலை மூன்று முறை உள்ளே போய்விட்டு வெறும் வாயோடு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, கழுத்தடியில் ஊசி முனை போல ஒரு நகம் குத்தியது. பிறகு கீச்சென்று ஒரு சத்தம். சுபா மண்ணில் உட்கார்ந்து கூடையைச் சாய்த்து வைத்தாள். செவலை உள்ளே போய்ப் படுத்தது. குட்டியின் வாயைச் செவலையின் காம்பில் வைத்தாள். நழுவியது. மறுபடியும் வைத்தாள். ஆறேழு தடவைக்குப் பிறகு பிடித்துக்கொண்டது.

ஜெயபாண்டி செத்த குட்டிகளை எடுத்துப்போய் ஒரு கல்லால் மணலைத் தோண்டினான். புதைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்து எதிரே குந்தினான்.

"மீனா முழுசா ஒரு ராத்திரி தூங்கலை சுபா. அழுகுறா. இந்தப் பிள்ளையும் போயிருச்சுன்னா நான் செத்துருவேங்கிறா. நான் என்ன செய்யட்டும்? ஒன்கிட்டக் கேட்டா நீ விடமாட்ட."

"கேட்டிருந்தா வேற எடம் பாத்திருப்பேன். தாயும் குட்டியுமா கடைல ஒரு மூலையில வச்சிருப்பேன். நீ கேக்கவே இல்லையே."

அவன் தலையைக் குனிந்தான். அந்தக் குனிவைச் சுபா முன்பே பார்த்திருக்கிறாள். பொங்கல் கழிந்து, வாசல் கேட்டைத் திறந்துகொண்டு தனியாக உள்ளே வந்தபோதும் இதே மாதிரிதான் குனிந்தான்.

"அண்ணே, தேனிக்கு நீ போனியா?"

அவன் நிமிரவில்லை.

"கயலப் பாத்தியா, இல்லையா?"

"சுபா…"

"ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"போகலை."

தூரத்தில் ஆரப்பாளையத்துப் பக்கம் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது.

"அப்ப பிள்ள வரமாட்டேன்னு சொன்னது?"

"கொஞ்ச நாளைக்குன்னுதான் நெனச்சேன். மீனாவுக்கு அப்ப பிள்ள தங்கி நாலாம் மாசம். டாக்டர் அலுங்கக்கூடாதுன்னுட்டாக. நீயும் வந்து, பிள்ளையும் வந்து, பின்னாடியே மாப்ள வந்து வாசல்ல நின்னு சத்தம் போட்டா… பிரசவம் முடியட்டும், அப்பறமா போய்க் கூட்டியாருவோம்னு இருந்தேன். சாமி சத்தியமா அதான். ஒனக்குக் கெடுதல் நெனக்கலை."

"மூணு மாசமா என் பிள்ளைக்கு நான் வேணாம்னு நெனச்சு நெனச்சு நான் குமைஞ்சுகிட்டு இருந்தேன். ஒரே வீட்ல, எதிர்ல உக்காந்து சோறு தின்ன. பாத்துக்கிட்டே இருந்திருக்க."

"மன்னிச்சிரு ஆத்தா."

அவள் துப்பட்டாவை எடுத்தாள். கூடையின் மேல் போட்டு, காற்று போக இடம் விட்டுக் கட்டினாள். எழுந்தாள்.

"எங்க போற? வீட்டுக்குத்தான? வா, பைக்ல ஏறு. மீனாகிட்ட நான் பேசுறேன். பூனை இருக்கட்டும்."

"தேனிக்குப் போறேன்."

"இப்படியேவா? நானும் வாரேன். இல்ல, நீ மட்டும் போறதுன்னா இதையாவது என்கிட்டக் குடு, நான் பாத்துக்கிறேன்." கூடைக்குக் கை நீட்டினான்.

சுபா கூடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இனிமே உன்கிட்ட எதையும் விட்டுட்டுப் போக மாட்டேன்" என்றாள்.

அவன் கை நீட்டியபடியே நின்றது. பைக் டேங்க் மேல் வைத்திருந்த போன் அடித்தது. மீனாவாகத்தான் இருக்கும். அவன் எடுக்கவில்லை. சுபா ரோட்டுக்கு ஏறி ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

ஆரப்பாளையம் ஸ்டாண்டில் தேனி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கண்டக்டர் கூடையைத் தட்டிப் பார்த்தார். "கோழியா?"

"பூனைண்ணே. ஒரு குட்டி. பால் குடிச்சுக்கிட்டு இருக்கு."

"சத்தம் வந்துச்சுன்னா எறக்கி விட்டுருவேன்" என்று சொல்லிவிட்டு, தானே கடைசி சீட் ஜன்னலோரத்தைக் காட்டினார்.

பஸ் நாகமலையைத் தாண்டியதும் சுபா போனை எடுத்தாள். புருஷனுக்குப் போட்டுப் பயனில்லை. எதிர்வீட்டுச் சீனியம்மாள் நம்பர் இன்னும் இருந்தது. போட்டாள்.

"யாரு, சுபாவா? அடியே, உசுரோட இருக்கியா நீ? இருந்தா ஒரு போன் இல்லையா, ஒரு வார்த்த இல்லையா?"

"அக்கா, கயலு வீட்ல இருக்காளா? கொஞ்சம் கூப்பிடுங்க. அவுகளுக்குத் தெரிய வேணாம்."

செருப்புச் சத்தம். கதவுச் சத்தம். யாரோ டிவியைக் குறைத்தார்கள். பிறகு மூச்சு.

"யாரு?"

குரல் மாறியிருந்தது. ஏழு மாதத்தில் இம்புட்டு மாறுமா?

"அம்மாடா."

போனில் உரசல் சத்தம் கேட்டது.

"கயலு, அம்மாதான் பேசுறேன். எப்பிடிடா இருக்க?"

"நல்லா இருக்கேங்க."

'ங்க' என்று முடித்தாள். அம்மாவை 'நீ வா, நீ போ' என்றுதான் பேசிப் பழகிய பிள்ளை.

"ஏண்டா அம்மாகூட அன்னியமாப் பேசுற? அம்மாமேல கோவமா?"

"இல்ல. நீங்கதான என்னைய வேணாம்னு சொல்லிட்டீங்க."

"யாரு சொன்னா அப்படி?"

"ஜெயபாண்டி மாமா. பொங்கலுக்கு அப்பாவுக்குப் போன் போட்டாரு. அப்பா ஸ்பீக்கர்ல போட்டாரு, நானும் கேட்டேன். பிள்ள அங்கயே இருக்கட்டும், சுபாவுக்கு வேணாமாம்னு சொன்னாரு."

சுபாவின் மடியில் கூடைக்குள் குட்டி முட்டி முட்டிக் குடிப்பது பிளாஸ்டிக் வழியாகத் தொடையில் தெரிந்தது. போகவில்லை என்று மட்டும்தானே அண்ணன் சொன்னான்? போன் செய்ததைப் பற்றி வாயைத் திறக்கவே இல்லையே!

"கயலு, அது பொய்டா. அம்மா அப்படிச் சொல்லவே இல்ல. நான் இப்ப வந்துக்கிட்டு இருக்கேன். பஸ்லதான் இருக்கேன். சாயங்காலத்துக்குள்ள அங்க வந்துருவேன். கேக்குதா?"

பஸ் செக்கானூரணி ஸ்டாப்பில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். யாரோ கூடையை இடித்தார்கள். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனைக் காதில் அழுத்தினாள்.

"எதுக்கு?" என்று கேட்டாள் கயல்.